நேர்க்கோட்டில் பதினோராயிரம் கிலோமீட்டர்

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று சொல்வதற்காகவே இணையத்தில் பக்கங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றை நியூசிலாந்தில் இருக்கும் என் மகன் சங்கர் எனக்கு அனுப்பிவைத்தான். திருவனந்தபுரம் ஒரு முனை, ஆக்லாந்து மறு முனை. நேர்க்கோட்டில் பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல். பறக்கும் நேரம் சுமார் பதினான்கு மணி நேரம். இரண்டு புள்ளிகளையும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு, பெரும்பாலும் கடல்மேல் ஓடியது. கீழே அவன் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தான்: “யோசிச்சுக்கோங்கம்மா.”

யோசித்தேன். அந்தக் கோட்டில் எந்த விமானமும் பறப்பதில்லை. தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் என்று போட்டிருக்கிறார்கள். ஆறாம் வகுப்புக் கணக்கு. தூத்துக்குடி சுங்கத் துறையில் கண்காணிப்பாளராக ஓய்வு பெறும்வரை இந்த மாதிரிக் கணக்குகளைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புவதுதான் எனக்கு வேலை.

விஷயம் இதுதான். திருநெல்வேலி சிந்துபூந்துறையில் ஆற்றுக்குப் பக்கத்து வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். போன வருஷம் படித்துறையில் வழுக்கி விழுந்து இடது முழங்கால் வீங்கியது. நானே எழுந்து, நானே ஆட்டோ பிடித்து, நானே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். சங்கரிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அன்று முதல் அவனுக்கு ஒரே பேச்சு. வீட்டை விற்றுவிடலாம், கோயம்புத்தூரில் வயதானவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு இருக்கிறது, மணியடித்தால் ஆள் வரும். மணியடித்தால் ஆள் வரும் இடத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். மணிக்கு ஒருநாளும் ஆள் வந்ததில்லை என்று அவனிடம் சொன்னேன்.

கடைசியில் அவனே ஒரு பந்தயம் வைத்தான்.

“யாரு துணையும் இல்லாம இங்கன வந்து சேருங்கம்மா, பாப்போம். வந்துட்டீங்கன்னா வீட்டப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன். வழியில எங்கயாவது மாட்டிக்கிட்டு, ப்ளேன விட்டுட்டு எனக்குப் போன் பண்ணுனீங்கன்னா, கோயம்புத்தூர்.”

“எழுதித் தருவியா?”

“அம்மா.”

“சரி, வாய்ச்சொல்லே போதும்.”

அந்த வீட்டில் எனக்கு இருக்கப் பிடித்திருக்கிறது. இதற்குமேல் ஒரு காரணம் கேட்கும் அதிகாரம் எந்தச் சட்டத்திலும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

பந்தயத்தின் முதல் சோதனை நாட்டு எல்லைக்கு வெகு முன்னால், பணகுடியைத் தாண்டியதும் வந்தது. விமான நிலையத்துக்குப் போன வாடகைக் காரின் பின் டயர் உட்கார்ந்துவிட்டது. சுற்றிலும் காற்றாலைகள் அசராமல் சுற்றிக்கொண்டிருந்தன. டிரைவர் இசக்கி டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்தபடி வந்தான்.

“யம்மா, ஸ்டெப்னியிலயும் காத்து இல்ல.”

“இந்த ஊர்ல நின்னுக்கிட்டு இதச் சொல்லுதியே, ஒனக்கே நல்லாருக்காலே?”

அவன் சக்கரத்தைக் கழற்றி ஒரு பைக்காரரோடு பஞ்சர் கடைக்குப் போனான். நான் கை நீட்டி நாகர்கோவில் பஸ்ஸை நிறுத்தினேன். அது நிற்கும் இடம் இல்லை. ஆனால் பெரிய பெட்டியோடு சாலை ஓரத்தில் நிற்கும் கிழவியைத் தாண்டிப் போக நம்மூர் ஓட்டுநர்களுக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. கண்டக்டர் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

“எங்க போறீய, இவ்வளவு பெரிய பெட்டியோட?”

“நியூசிலாந்து.”

அவர் சிரிக்கவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். “இந்த வண்டி வடசேரி வரைக்கும்தாம்மா. அதுக்கு மேல நீங்க மாறிக்கிடணும்.” அப்புறம் இரண்டு இருக்கை தாண்டிப் போனவர் திரும்பி வந்து கேட்டார்: “தொணைக்கு யாரும் வரலியா?”

நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் பழம்பொரியும் டீயுமாக நான் நின்றுகொண்டிருந்தபோது, இசக்கி காற்றடித்த டயரோடு வந்து சேர்ந்தான். “யம்மா, பயந்துட்டீயளோன்னு நெனச்சேன்” என்றான். பயந்தவன் அவன்தான். முகம் வெளுத்திருந்தது. அவனுக்கும் ஒரு டீ சொன்னேன்.

இரண்டாவது சோதனை திருவனந்தபுரத்தில், டிக்கெட் பார்க்கும் மேஜையில். அங்கிருந்த மலையாளப் பெண் திரையைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, சக்கர நாற்காலி இதோ வரும். அந்தப் பக்கமாக உட்காருங்கள்” என்றாள் மலையாளத்தில்.

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான். டிக்கெட்டிலேயே கேட்டிருக்கிறார்கள்.”

இந்த நாற்காலி வழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அம்மாவுக்கு டிக்கெட் எடுத்தால், கூடவே ஒரு சக்கர நாற்காலியும் கேட்டுவிடுகிறார்கள். அம்மாவின் கால் நன்றாகத்தான் இருக்கும். வரப்பில் தலைச்சுமையோடு நடக்கிற கால். ஆனால் விமானம் மாறும் ஊரில் அம்மாவுக்கு இங்கிலீஷ் வராதே, வாசல் தெரியாதே, தொலைந்துவிட்டால்? நாற்காலியில் ஏற்றிவிட்டால் அந்த ஊர் ஆள் தள்ளிக்கொண்டே போய்ச் சரியான விமானத்தில் விட்டுவிடுவான். பாஷைக்குப் போட வேண்டிய வண்டியைக் காலுக்குப் போடுகிறார்கள். அதற்கு மூன்று தரங்கள் உண்டு. தூரம் நடக்க முடியாதவர், படியேற முடியாதவர், எழவே முடியாதவர். சங்கர் எனக்குப் பெரிய மனதோடு முதல் தரம் கேட்டிருந்தான். படியேறுவார், தூரம் நடக்க மாட்டார்.

“கேட்டது யார்?” என்றேன்.

“டிக்கெட் எடுத்தவர்.”

“பயணம் போவது நான். பயணிக்குத் தெரியாமல் பயணியைப் பற்றி யாரும் எதுவும் அறிவிக்க முடியாது. நீக்குங்கள்.”

“எல்லாருக்கும் போடுவதுதான் அம்மா. சும்மா உட்கார்ந்துகொண்டு போகலாம். வரிசை இல்லை.”

“நீக்கிவிட்டுப் புது போர்டிங் அட்டை அடித்துக் கொடுங்கள்.”

அடித்துக் கொடுத்தாள். சங்கருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: ‘நாற்காலி ரத்து செய்யப்பட்டது.’ அவன் பதில் போட்டான்: ‘சும்மா ஒரு சேஃப்டிக்குத்தாம்மா.’ பந்தயம் வைத்துவிட்டு எதிராளியின் காலில் சக்கரம் கட்டுவதற்கு இப்போது இப்படி ஒரு பெயர் இருக்கிறது.

விமானத்தில் உப்புமா என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள். கரண்டியை நட்டால் நின்றது. சாப்பிட்டேன். முழங்காலை மடக்கியே வைத்திருந்ததால் உள்ளே ஏதோ விண்விண்ணென்றது. அதை நான் யாரிடமும் அறிவிக்கவில்லை.

மறுநாள் காலை, வளைகுடா நகரம் ஒன்று. விமானம் மாற வேண்டும். அந்த நிலையத்தின் நீளத்தை எந்த இணையப் பக்கமும் சொல்வதில்லை. திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து டவுனுக்கு ஆர்ச் தாண்டி நடப்பதுபோல் நடந்துகொண்டே இருந்தேன். இருபுறமும் வாசனைத் திரவியக் கடைகள். காபி என்று ஒரு வாளி நுரை கொடுத்தார்கள். ஒரு தூண் ஓரமாகச் சக்கர நாற்காலிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அம்மா. எல்லாரும் பட்டுப்போன்ற ஏதோ ஒரு சேலை, கம்பளிச் சட்டை, காலில் பிள்ளைகள் வாங்கி அனுப்பிய வெள்ளைக் கான்வாஸ் ஷூ. தபால் நிலையத்தில் பட்டுவாடாவுக்குக் காத்திருக்கும் பார்சல்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள். நான் நிமிர்ந்து நடந்தேன். கொஞ்சம் வேண்டுமென்றேதான்.

“யக்கா. ஏ யக்கா. தமிழா?”

கடைசி நாற்காலியில் இருந்தவள் கூப்பிட்டாள். அறுபதை ஒட்டிய வயது. கெட்டிக் கரங்கள்.

“ஆமா. நீங்க?”

“வள்ளியூருக்கா. பேரு செல்லத்தாய். மாவு மில்லு வச்சிருக்கோம். மக உண்டாயிருக்கா, ஆக்லாந்துல. பேறுகாலத்துக்குப் போறேன்.”

“நானும் அங்கதான் போறேன். கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்களே, ஏன் இங்கன இருக்கீங்க?”

“ஒரு ஆளு தள்ளிட்டு வந்தாருக்கா. பாஸ்போட்டு, டிக்கெட்டு எல்லாம் வாங்கிட்டு, அஞ்சு வெரலக் காட்டிட்டுப் போனாரு. அஞ்சு நிமிசமா, அஞ்சு மணி நேரமா, ஒண்ணுந் தெரியல.”

மேலே பலகையில் எங்கள் விமானத்துக்கு நேரே சிவப்பு எழுத்து மினுக்கத் தொடங்கியது. கடைசி அழைப்பு. எனக்கு முன்னால் இன்னும் பாதி நிலையம் பாக்கி இருந்தது, அரை முழங்காலும் இருந்தது. விமானத்தை விட்டால் கோயம்புத்தூர். கணக்கு எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. இரக்கத்தால் நான் நின்றதாக யாரும் நினைக்க வேண்டாம். ஒருவருடைய பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்காமல் போவதை என்னால் பார்த்துக்கொண்டு போக முடியாது.

“நடப்பீங்களா?” என்றேன்.

“நல்லா நடப்பேனே. உக்காரச் சொன்னாங்க, உக்காந்தேன்.”

எழுந்தாள். எங்கள் இருவருடைய கைப்பைகளையும் நாற்காலியில் போட்டாள். மில்லில் மூட்டை வண்டி தள்ளிப் பழகியவள். நாற்காலி பறந்தது. நான் பின்னால் காலை விந்தி விந்திப் போனேன். அவள் திரும்பிப் பார்த்து நின்றாள்.

“யக்கா, நீங்க இதுல ஏறுங்க. நான் தள்ளுதேன்.”

“முடியாது.”

“ஏன், கவுரவமா?”

“வீடு” என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டே பந்தயத்தைச் சொன்னேன். துணையில்லாமல், மாட்டிக்கொள்ளாமல், இல்லாவிட்டால் சிந்துபூந்துறை போய்விடும். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பைகளை நாற்காலியில் சரியாக அடுக்கினாள்.

“அப்பம் ஏறாதீய. வீட்டுக்குல்லா நடக்கீய. வெரசா நடங்க.”

நடந்தேன்.

எங்கள் விமானத்துக்கான வாசலில் ஒரு பெண் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். என் அட்டையை வாங்கிப் பார்த்தாள். நீங்கள் உள்ளே போகலாம், இவர் போக முடியாது, தாள்கள் இல்லை, உதவி மேஜைக்குப் போகச் சொல்லுங்கள் என்றாள். உள்ளே போகும் வழி திறந்தே இருந்தது. செல்லத்தாய் என் கையைப் பிடிக்கவில்லை. “நீங்க போங்கக்கா. வீடு” என்று மட்டும் சொன்னாள். அவள் பிடித்திருந்தால் நான் உதறியிருப்பேனோ என்னவோ. பிடிக்கவில்லை என்பதால் போக முடியவில்லை.

நான் அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில், அவசரமில்லாமல் பேசினேன். அலுவலகக் குரல். ஓய்வு பெற்றபின் அதை எடுத்து ரொம்ப நாளாகியிருந்தது.

“இவருடைய தாள்கள் தொலையவில்லை. உங்கள் ஆள் கையில் இருக்கின்றன. இவருடைய இரண்டு பெட்டிகள் விமானத்தின் வயிற்றில் இருக்கின்றன. பயணி ஏறாத விமானத்தில் பெட்டி பறக்கக் கூடாது. அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இவரை விட்டுவிட்டுப் போவதென்றால் எல்லாப் பெட்டிகளையும் இறக்கி அந்த இரண்டையும் தேட வேண்டும். அதைவிட உங்கள் ஆளைத் தேடுவது சுலபம்.”

அவள் முகம் மாறியது. ரேடியோவை எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். நடந்தது என்னவென்றால், அவர் செல்லத்தாயின் தாள்களை எடுத்துக்கொண்டு இன்னோர் அம்மாவைத் தள்ளிக்கொண்டு போய் எங்கோ ஒரு வாசலில் நிறுத்தியிருக்கிறார். அதே மாதிரிச் சேலை, அதே வெள்ளை ஷூ. அந்த அம்மாவையும் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார்; தள்ளினார்கள், போனார். ரேடியோவில் பெயர் கேட்ட பிறகுதான் அந்த ஆள் தாளில் இருந்த படத்தையே பார்த்திருக்கிறார்.

“அந்த அக்கா எங்க போக வேண்டியவக?” என்று கேட்டாள் செல்லத்தாய்.

“நியூயார்க்காம்.”

“நல்லவேள. எம் பெட்டியில உள்ள மருந்து உருண்டையக் குடுத்து, எம் மகளுக்கு அவுகல்லா பேறுகாலம் பாத்துருப்பாக.”

கதவு எங்களுக்குப் பின்னால் சாத்தப்பட்டது. இருக்கையில் உட்கார்ந்தபோது முழங்கால் தேங்காய் அளவு இருந்தது. பணிப்பெண் குனிந்து, தனியாகவா பயணம் செய்கிறீர்கள் என்று அன்போடு கேட்டாள். ஆமாம் என்றேன், அன்பில்லாமல்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் முன்னால் இருந்த சின்னத் திரையில் வரைபடத்தைப் போட்டேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரிலிருந்து கிளம்பி, கடல் தாண்டி, மேற்கே நாலு மணி நேரம் போய், ஓட்டமும் விந்தலுமாக விமானம் மாறி, இப்போது திரும்பவும் கிழக்கே வந்துகொண்டிருந்தோம். திரையில் இருந்த பொம்மை விமானம் கேரளத்துக் கரையைத் தொட்டு, மலையைத் தாண்டி, எங்கள் ஜில்லாவுக்கு மேலேயே மெதுவாக நகர்ந்தது. பேட்டையிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போக மதுரையைச் சுற்றிக்கொண்டு வந்த கதை. அந்த நேர்க்கோட்டுப் பக்கத்தை எழுதியவரை இந்த இருக்கையில் கட்டிவைக்க வேண்டும்.

எழுந்து பைய நடந்து செல்லத்தாயின் இருக்கைக்குப் போனேன். அவள் திரையிலும் அதைப் போட்டுக் காட்டினேன்.

“இப்பம் எங்கன இருக்கோம்?”

“நம்ம ஊருக்கு மேல. இன்னா, கீழதான் வள்ளியூர்.”

அவள் சன்னலில் நெற்றியை ஒட்டினாள். மேகம்தான் தெரிந்தது. “நேத்தே சொல்லிருந்தா மொட்ட மாடியில ஏறி நின்னிருப்பேன். இங்கனேயே ஏறிக்கிடலாம். எதுக்கு இந்தச் சுத்து?” என்றாள். அப்புறம், “ஒங்க வீடும் தெரியாதாக்கா?” என்று கேட்டாள்.

“தெரியாது. ஆனா இருக்கு.”

அதற்கப்புறம் எனக்கு வேலை வந்துவிட்டது. இறங்குமுன் நிரப்பித் தர வேண்டிய அறிவிப்புச் சீட்டை அவள் நீட்டினாள். உணவுப் பொருள் உண்டா, மருந்து மூலிகை உண்டா, விலங்குப் பொருள் உண்டா என்று கேட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போடச் சொல்லி மகள் சொல்லிவிட்டாளாம்.

“பெட்டியில என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லக்கா. நெத்திலிக் கருவாடு. உடன்குடிக் கருப்பட்டி. பிள்ளப்பெத்தவளுக்கு மருந்து உருண்டை. சுக்கு. ஒரு பாட்டில் மலத்தேனு.”

“எல்லாத்துக்கும் ‘ஆமா’ன்னு போடு.”

“புடுங்கிருவாங்கக்கா.”

“சொன்னா, ஆகாதத மட்டும் எடுப்பாங்க. சொல்லலன்னா ஒன்னையும் சேத்துப் புடிப்பாங்க. மேசைக்கு அந்தப் பக்கம் முப்பது வருசம் ஒக்காந்தவ சொல்லுதேன். பொய் சொன்னவங்க பெட்டியத்தான் நாங்க முதல்ல தொறப்போம். மூஞ்சியிலயே தெரியும்.”

போட்டாள்.

ஆக்லாந்தில் குளிர் மூக்கில் ஏறியது. செல்லத்தாய்க்கென்று ஒரு நாற்காலி பெட்டிகள் வந்து சேரும் இடத்தில் தயாராக நின்றது. அவள் அதைப் பார்த்தாள், தள்ளவந்தவரைப் பார்த்தாள், கயிறு கட்டிய அட்டைப்பெட்டியைத் தூக்கி அதில் வைத்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நடக்க விரும்புகிறார்” என்று நான் மொழிபெயர்த்தேன். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை என்றாலும்.

என் பெட்டியில் அறிவிக்க ஒன்றும் கிடையாது. நான் பச்சை வழியில் நேரே வெளியே போயிருக்கலாம். சங்கர் வெளியே நிற்பான், பந்தயம் முடிந்திருக்கும். ஆனால் செல்லத்தாயை ‘ஆமாம்’ போடச் சொன்னது நான். சிவப்பு வழியில் அவளோடு போனேன். ஒரு நாய் வந்து அட்டைப்பெட்டியை முகர்ந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. கருவாட்டின் அருமை தெரிந்த நாய். அதிகாரி என் வயதில் பாதி. பொறுமைசாலி. மருந்து உருண்டை ஒன்றை உடைத்து, முகர்ந்து, இதில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். செல்லத்தாய் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். ஓமம், மிளகு, திப்பிலி, கருப்பட்டி. சில பெயர்களுக்கு எனக்கு ஆங்கிலம் தெரியவில்லை. அவர் புத்தகம் பார்த்தார், மேலதிகாரியைக் கூப்பிட்டார், மேலதிகாரி இன்னொரு மேலதிகாரியைக் கூப்பிட்டார். நான் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

கடைசியில் தேன் மட்டும் போயிற்று. மற்றதெல்லாம் திரும்பி வந்தது. முதலிலேயே சொன்னதற்கு நன்றி என்றார் அதிகாரி.

“தேனு போனாப் போவுது. புள்ளைக்கு மருந்து இருக்குல்லா” என்றாள் செல்லத்தாய்.

கண்ணாடிக் கதவைத் தாண்டியபோது எங்கள் விமானத்தில் வந்த எல்லாரும் எப்போதோ வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள். செல்லத்தாயின் மருமகன் கைகளைப் பிசைந்தபடி நின்றான். சங்கர் ஓடிவந்தான். குளிரிலும் வேர்த்திருந்தது.

“எங்கம்மா போனீங்க? எல்லாரும் வந்தாச்சு. விசாரிச்சா, நாற்காலி லிஸ்ட்லயும் பேரு இல்லாததால யாருக்கும் ஒங்களப் பத்தித் தெரியலங்காங்க. நான் போலீஸ்ட்ட சொல்லப் போனேன். இதுக்குத்தான் நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.” அப்போதுதான் சக்கர நாற்காலி அவன் கண்ணில் பட்டது. குரல் கொஞ்சம் இறங்கியது, கொஞ்சம் ஜெயித்தும் இருந்தது. “அப்பம், நாற்காலி எடுத்துட்டீங்க.”

“எடுத்தோம். கருவாட்டுக்கு.”

“தம்பி,” என்றாள் செல்லத்தாய், “ஒங்க அம்ம ஒரு நிமிசம்கூட இதுல ஒக்காரல. நான் கெஞ்சிப் பாத்தேன். என்னைய அந்த ஊர்ல விட்டுட்டு வந்திருக்கலாம், அதுவும் செய்யல. நீங்க வீட்டக் கேக்காதீய.”

சங்கர் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இந்த வழக்கில் சாட்சி வேறு இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. என் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தான். செல்லத்தாய் அட்டைப்பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு மருமகனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்தோம். தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டான்.

“சொல்லு” என்றேன்.

“என்ன சொல்ல?”

“சொல்ல வேண்டியத.”

“சரிம்மா. வீடு ஒங்களுது.”

“அது பத்திரத்துலயே இருக்கு. நீ பேசமாட்டேன்னு சொல்லு.”

“பேசமாட்டேன்.” கார்க் கதவைத் திறந்து பிடித்தவன், நான் ஏறுவதற்குக் காலைத் தூக்குவதைக் கவனித்துவிட்டான். “கால்ல என்னம்மா, சாச்சு வைக்கீங்க?”

இந்தத் தடவை மறைக்கவில்லை. வீங்கிய முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு, கதவை நானே இழுத்துச் சாத்தினேன்.

“பதினோராயிரம் கிலோமீட்டர்” என்றேன். “வண்டிய எடு.”